வீடு விற்பனைக்கு: விளம்பரம் சொல்லாததை எப்படிப் பார்ப்பது?

வாசகர் கேள்வி – பதில்

வீடுகளின் வெப்பத்தையும் மின் பயன்பாட்டையும் அளந்து அறிக்கை கொடுப்பது என் தொழில். தோட்டத்தோடு கூடிய எரிசக்தி சிக்கன வீட்டை வாங்குவது, சோதிப்பது, விற்பது பற்றி வந்திருக்கும் கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அம்மா, நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளோடும் மாமியாரோடும் குடியேற வீடு தேடுகிறோம். ‘நவீன, எரிசக்தி சிக்கனக் குடும்ப வீடு, முன்னும் பின்னும் தோட்டம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போனோம். சோலார் பேனல், இன்வெர்ட்டர் ஏசி, எல்.இ.டி. விளக்குகள், கைபேசியிலிருந்து இயக்கும் சுவிட்சுகள் எல்லாம் காட்டினார்கள். மின்கட்டணமே வராது என்கிறார் விற்பவர். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: சகோதரி, முன்பணத்தைச் சற்று நிறுத்தி வையுங்கள். அவர் காட்டியவை எல்லாம் கழற்றி மாற்றக் கூடியவை. பேனலை நாளைக்கே வேறொரு வீட்டின் மேல் பொருத்தலாம். விளக்குகளை ஒரே மாலையில் மாற்றிவிடலாம். வீடு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, கூரையும் சுவரும் எதனால் ஆனவை, ஜன்னல்கள் எங்கே, எவ்வளவு பெரிதாக இருக்கின்றன, நிழல் எங்கிருந்து விழுகிறது என்பவற்றை அப்படி மாற்ற முடியாது. மாற்ற முயன்றால் பெரும் செலவு. இவற்றைப் பற்றி அவர் ஏதாவது சொன்னாரா?

‘கட்டணம் வராது’ என்பதும் ‘மின்சாரம் குறைவாகத் தேவைப்படும்’ என்பதும் வேறு வேறு. ஒரு வீடு நாளுக்கு 20 யூனிட் செலவழிக்கிறது, கூரையில் நிறையப் பேனல்கள் இருப்பதால் கட்டணம் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்கு 8 யூனிட் போதும், பேனலே இல்லை. இரண்டில் நான் இரண்டாவது வீட்டைத்தான் வாங்கச் சொல்வேன். முதல் வீட்டில் பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் கருவி பழுதானாலோ, கூரை மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் விதிகள் மாறினாலோ, 20 யூனிட்டும் அன்றைக்கே உங்கள் தலையில் விழும். இரண்டாவது வீட்டில் சின்னதாய் ஒரு சோலார் அமைப்பை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே விற்பவரிடம் முதலில் கடந்த 12 மாத மின் ரசீதுகளைக் கேளுங்கள். எரிவாயு, எண்ணெய், விறகு என்று வேறு எரிபொருள் இருந்தால் அதற்கான ரசீதுகளையும் கேளுங்கள். ஒரு மாத ரசீது போதாது. கோடையும் குளிர்காலமும் அதில் தெரிய வேண்டும். பேனல் உள்ள வீட்டில் கட்டணத் தொகையைப் பார்த்துப் பயனில்லை. பேனல் உற்பத்தி செய்தது எவ்வளவு, வெளியிலிருந்து வாங்கியது எவ்வளவு, வெளியே கொடுத்தது எவ்வளவு என்ற மூன்று எண்கள் வேண்டும். முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் வீடு உண்மையில் விழுங்கியது தெரியும். அங்கே எத்தனை பேர் குடியிருந்தார்கள், பகலில் வீடு பூட்டிக் கிடந்ததா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். காலையில் போய் இரவில் திரும்பிய இருவரின் கணக்கு, நாள் முழுக்க மாமியார் வீட்டில் இருக்கும் ஐந்து பேர் குடும்பத்துக்குப் பொருந்தாது.

அடுத்தது, வீட்டுக்கு மிகக் கடினமான நேரத்தில் போய்ப் பாருங்கள். தரகர்கள் பொதுவாக இதமான காலை நேரத்தைத்தான் கொடுப்பார்கள். வெயில் வாட்டும் இடம் என்றால் பிற்பகல் 3 மணிக்குப் பிறகு போங்கள். குளிர் வாட்டும் இடம் என்றால் விடியற்காலையிலோ இருட்டிய பிறகோ போங்கள். போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏசியையோ ஹீட்டரையோ நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். ‘வந்ததும் குளுகுளுவென்று இருக்க வேண்டும்’ என்பதற்காக முன்கூட்டியே ஏசி போட்டு வைக்கப்பட்ட வீட்டில் நீங்கள் உணர்வது இயந்திரத்தை. மேல்தளத்து அறைக்குப் போய் நடுவில் ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். கூரையில் இன்சுலேஷன், அதாவது வெப்பத்தைத் தடுக்கும் அடுக்கு, இல்லையென்றால் தலைக்கு மேலிருந்து சூடு இறங்குவது உடனே தெரியும். மேற்குச் சுவரின் உட்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்நாட்டில் வெளிச்சுவர் மூலைகளையும் அலமாரிகளின் பின்பக்கத்தையும் பாருங்கள். கறுப்புப் பூசணம் அங்கேதான் முதலில் பிடிக்கும்.

‘சுவர் தடிமனாக இருக்கிறது, அது போதும்’ என்று பலர் சொல்வார்கள். அது போதாது. 10 சென்டிமீட்டர் கனிமக் கம்பளி (கல்லையோ கண்ணாடியையோ உருக்கி இழையாக்கிச் செய்யும் இன்சுலேஷன்) தடுக்கும் வெப்பத்தை வெறும் செங்கல்லால் தடுக்க வேண்டுமென்றால் சுவரை ஏறத்தாழ 2 மீட்டர் தடிமனுக்கு எழுப்ப வேண்டும். கான்கிரீட் செங்கல்லை விடவும் வேகமாக வெப்பத்தைக் கடத்தும்; பகலில் வாங்கிய சூட்டைத் தன்னுள் தேக்கியும் வைக்கும். அதனால்தான் வெயிலில் காய்ந்த கான்கிரீட் கூரை, சூரியன் மறைந்த பிறகும் பல மணி நேரம் அறைக்குள் சூட்டை இறக்குகிறது. கூரைக்கு என்ன இன்சுலேஷன், எத்தனை சென்டிமீட்டர், அது போடப்பட்ட நாளில் எடுத்த புகைப்படம் இருக்கிறதா என்று கேளுங்கள். நேர்மையாகச் செய்தவர்களிடம் அநேகமாகப் படம் இருக்கும்.

ஜன்னலுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். கண்ணாடி வழியாக வெப்பம் எவ்வளவு கடக்கிறது என்பதை ‘யூ மதிப்பு’ என்ற எண்ணால் குறிப்பார்கள். எண் சிறியதாக இருந்தால் நல்லது. ஒற்றைக் கண்ணாடிக்கு இது ஏறத்தாழ 5.7. சாதாரண இரட்டைக் கண்ணாடிக்கு 2.8. உள்ளே ஆர்கான் வாயு அடைத்து, வெப்பத்தைத் திருப்பும் மெல்லிய பூச்சும் பூசிய இரட்டைக் கண்ணாடிக்கு 1.1 அளவில் வரும். விளம்பரத்தில் மூன்றுமே ‘நவீனக் கண்ணாடி’தான். ஜன்னல் சட்டத்தையும் பாருங்கள்: அலுமினியம் மரத்தைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். அலுமினியச் சட்டத்தின் நடுவே வெப்பத்தை மறிக்கும் பட்டை இல்லையென்றால், விலை உயர்ந்த கண்ணாடியின் பலனைச் சட்டமே தின்றுவிடும். ஒன்றை மறக்க வேண்டாம்: நேரடி வெயிலுக்கு எதிராக யூ மதிப்பு மட்டும் உதவாது. வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே வெளியில் தடுக்கப்பட வேண்டும். உள்ளே தொங்கும் திரைச்சீலைக்கு வேலை வருவது, வெப்பம் அறைக்குள் நுழைந்த பிறகு.

உங்கள் மாமியாருக்காக ஒரு வார்த்தை. வயதானவர்களுக்கு வெப்பமும் குளிரும் நம்மைவிட அதிகமாகத் தாக்கும்; உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேகம் குறைந்திருக்கும். அவருக்கென்று நீங்கள் ஒதுக்கப்போகும் அறை எது என்று இப்போதே முடிவு செய்து, அந்த அறையில்தான் அதிக நேரம் நில்லுங்கள். வரவேற்பறை அழகாக இருந்து அவர் அறை அடுப்பாக இருந்தால், அந்த வீடு உங்கள் குடும்பத்துக்கு ஏற்றதல்ல.

கேள்வி: ‘காற்றுப் புகாத வீடு’ என்பதைப் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். என் அப்பா, ‘மூச்சு முட்டாதா? காற்று வராத வீட்டில் எவன் இருப்பான்?’ என்று கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

பதில்: தம்பி, உங்கள் அப்பா கேட்பது சரியான கேள்வி. அதைக் கேட்காமல் அப்படி ஒரு வீட்டை யாரும் வாங்கக் கூடாது.

இந்தச் சிந்தனை பிறந்தது குளிர்நாடுகளில். கனடாவின் ரெஜைனா நகரில் 1977இல் ஒரு சோதனை வீட்டைக் கட்டினார்கள். தடித்த இன்சுலேஷன், இடுக்கில்லாத கட்டுமானம், வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றித் தரும் கருவி என்று இன்றைய சிக்கன வீட்டின் அடிப்படைகள் அதில் இருந்தன. பின்னர் சுவீடனின் பூ ஆடம்சனும் ஜெர்மனியின் வோல்ஃப்காங் ஃபைஸ்டும் ‘பாசிவ் ஹவுஸ்’ என்ற கருத்தை, அதாவது இயந்திரத்தை அதிகம் நம்பாமல் கட்டுமானத்தாலேயே இதமாக இருக்கும் வீட்டை, வகுத்தார்கள். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் அப்படிக் கட்டிய முதல் வரிசை வீடுகளில் 1991இல் குடும்பங்கள் குடியேறின. வீட்டைச் சூடாக்க ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 யூனிட்டுக்கு மேல் தேவைப்படக் கூடாது என்பது அந்தத் தரத்தின் முக்கிய எல்லை. இன்னொன்று காற்றுக் கசிவு. கதவில் விசிறி பொருத்தி 50 பாஸ்கல் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும்போது, ஒரு மணி நேரத்தில் கசியும் காற்று வீட்டின் கொள்ளளவில் 0.6 பங்கைத் தாண்டக் கூடாது.

இவ்வளவு இறுக்கமான வீட்டில் காற்றை ஒரு கருவிதான் உள்ளே கொண்டுவர வேண்டும். கருவி ஓடினால் காற்று நன்றாகவே இருக்கும். வடிகட்டி வழியாக வருவதால் தூசியும் குறையும். அதை நிறுத்திவிட்டால் அப்பாவின் பயம் நியாயமாகிவிடும். ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் பெட்டன்கோஃபர் 1858இலேயே, அறைக் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்று எழுதினார். இன்றும் அந்த எண்ணை அளவுகோலாகக் கொள்கிறார்கள். அதை அளக்கும் சின்னக் கருவி கையடக்கமாகக் கிடைக்கிறது. இரவில் கதவு சாத்திய படுக்கையறையில் வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் போதும்.

ஆகவே விற்பவரிடம் மூன்றைக் கேளுங்கள்: காற்றுக் கசிவுச் சோதனையின் அறிக்கை எங்கே? காற்றோட்டக் கருவி எங்கே இருக்கிறது? வடிகட்டியைக் கடைசியாக மாற்றியது எப்போது? மூன்றாவது கேள்விக்கு அவர் விழித்தால், கருவியைத் திறந்து வடிகட்டியை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

வெயிலும் புழுக்கமும் உள்ள இடங்களில் இன்னொரு நேர்மையான வழி இருக்கிறது: எதிரெதிர் ஜன்னல்கள், உயரமான கூரை, நல்ல நிழல், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும் அமைப்பு. ஏசியை அரிதாகவே போடும் குடும்பத்துக்கு இதுதான் சிறந்தது. எனக்குக் கவலை தருவது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வீடுகள்தான். திறக்க முடியாத பெரிய கண்ணாடிகள் இருக்கும், ஆனால் கதவு இடுக்குகளில் காற்று கசியும், காற்றோட்டக் கருவியும் இருக்காது. அங்கே ஏசி போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

கேள்வி: கூரையில் ஏற்கெனவே சோலார் இருக்கும் வீட்டை வாங்குகிறோம். அதில் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் அது யாருடையது என்று பாருங்கள். வீட்டுக்காரர் சொந்தமாக வாங்கியதா, வாடகை ஒப்பந்தமா, கடன் பாக்கி இருக்கிறதா? ஒப்பந்தம் இருந்தால் அதை முழுவதும் படிக்காமல் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பல ஒப்பந்தங்களில் மீதிக் காலம் புதிய உரிமையாளரின் பொறுப்பாகிவிடும்.

பேனல்கள் நெடுநாள் உழைப்பவை. ஆண்டுக்கு ஏறத்தாழ அரை சதவீதம் திறன் குறையும். 25 ஆண்டு முடிவில் 80 சதவீதத்துக்குக் குறையாது என்ற வகையில் உத்தரவாதம் தருவது வழக்கம். இன்வெர்ட்டர் அவ்வளவு காலம் வராது. 10 முதல் 15 ஆண்டில் மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே அமைப்புக்குப் பத்து வயது ஆகியிருந்தால், புது இன்வெர்ட்டரின் விலையை மனத்தில் வைத்துப் பேரம் பேசுங்கள். பேட்டரி இருந்தால் அதன் உத்தரவாத அட்டையைத் தனியாகக் கேளுங்கள்.

கூரையைப் பாருங்கள். பேனலைத் தாங்கும் சட்டங்களைத் துளையிட்டுப் பொருத்தியிருந்தால், அந்த இடங்களுக்கு நேர் கீழே அறைக்குள் ஈரக்கறை இருக்கிறதா? மதியத்துக்குப் பிறகு தண்ணீர்த் தொட்டியின் நிழலோ மரத்தின் நிழலோ பேனல் மேல் விழுகிறதா? பழைய அமைப்புகளில் ஒரு பேனலில் விழும் நிழல் அந்த வரிசை முழுவதன் உற்பத்தியையும் இழுத்துவிடும். கொளுத்தும் நாளில்தான் அதிக மின்சாரம் வரும் என்று நினைக்கவும் வேண்டாம். சூடேறினால் சிலிக்கான் பேனலின் திறன் குறையும். அடியில் காற்று ஓட இடம் விட்டுப் பொருத்தியிருக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் பார்த்திருக்கும் வீட்டின் மேற்குப் பக்கத்தில் பெரிய பழைய மரம் ஒன்று நிற்கிறது. வேர் அஸ்திவாரத்தைத் தின்றுவிடும், பேனலுக்கு நிழல், இலைக் குப்பை வேறு, வாங்கியதும் வெட்டிவிடுங்கள் என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்தில் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: மனம் வராததே நல்லது. அந்த மரம் அந்த வீட்டின் மிக மதிப்புள்ள பாகங்களில் ஒன்றாக இருக்கலாம்.

பிற்பகல் வெயில் தாழ்ந்த கோணத்தில் வருவதால், கூரை நீட்டமோ ஜன்னல் மேல் சன்ஷேடோ அதைத் தடுக்க முடியாது. மேற்குச் சுவருக்கு முன் நிற்கும் மரம்தான் அந்த வேலையைச் செய்கிறது. அது வெறும் குடையும் அல்ல. இலைகள் நீரை ஆவியாக்கும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கின்றன. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.68 யூனிட் அளவு வெப்பம் வேண்டும். வேருக்கு நீர் கிடைக்கும் பெரிய மரம் வெயில் நாளில் 100 லிட்டர் வரை வெளிவிடக் கூடும். பெருக்கிப் பாருங்கள்: 68 யூனிட். மரம் அதை அறைக்குள்ளிருந்து எடுப்பதில்லை, வெளிக் காற்றிலிருந்தும் தன் மேல் விழும் வெயிலிலிருந்தும்தான் எடுக்கிறது. ஆனாலும் மரத்தடியில் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கின் பொருள் உடலிலேயே தெரிந்திருக்கும். மரம் இலையுதிர்க்கும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது. கோடையில் நிழல் தந்து, குளிர்காலத்தில் வெயிலை உள்ளே விடும்.

வேரைப் பற்றிய பயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. நல்ல கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு வேர் போகாது. ஏற்கெனவே விரிசல் விட்டுக் கசியும் கழிவுநீர்க் குழாயைத் தேடித்தான் போகும். பெரும்பாலான வேர்கள் மண்ணின் மேல் ஒரு மீட்டருக்குள்ளேயே இருக்கும். ஆனால் கிளைப் பரப்பையும் தாண்டி விரியும். உண்மையான ஆபத்து களிமண் நிலத்தில் இருக்கிறது. மரம் நீரை உறிஞ்சும்போது களிமண் சுருங்கும், அஸ்திவாரம் இறங்கலாம். இதை அறிந்தவர்களும் அடிக்கடி மறப்பது அதன் மறுபக்கத்தை: பழைய மரத்தைத் திடீரென்று வெட்டினால், அதுவரை அது உறிஞ்சி வந்த நீர் மண்ணில் தங்கி, களிமண் உப்பி, அஸ்திவாரத்தை மேலே தள்ளவும் கூடும். ஆகவே வெட்டுவது பாதுகாப்பு என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. சுவரில் படிக்கட்டு வடிவில் விரிசல் ஓடுகிறதா, கதவுகள் சட்டத்தில் சிக்குகின்றனவா, கழிவுநீர்க் குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கட்டுமானப் பொறியாளர் ஒருவரையும் மரம் அறிந்த ஒருவரையும் அழைத்து வாருங்கள். இல்லையென்றால் அதை நிற்க விடுங்கள். பேனலுக்கு வேறு பக்கம் இடம் பார்த்துக்கொள்ளலாம். அந்த நிழல் இன்னொரு கன்றிலிருந்து வளர்ந்து வர இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். உங்கள் பிள்ளைகள் வளர்ந்து போயிருப்பார்கள்.

மற்றபடி தோட்டத்தில் நான் முதலில் பார்ப்பது மண்ணை. விற்பனைக்காகப் புதிதாக விரித்த புல்தரை படத்தில் அழகாக இருக்கும். ஒரு நீளமான கம்பியை எடுத்துப் பல இடங்களில் மண்ணில் குத்திப் பாருங்கள். அரை அடிக்குள் கடக்கென்று நின்றால், கட்டுமானக் கழிவின் மேல் மெல்லிய மண்ணைப் பரப்பியிருக்கிறார்கள் என்று பொருள். அதில் புல் சில மாதம் பிழைக்கும், மரம் பிழைக்காது. மழை பெய்த மறுநாள் போக முடிந்தால் கட்டாயம் போங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, தோட்டம் வீட்டை நோக்கிச் சரிகிறதா அல்லது வீட்டிலிருந்து விலகிச் சரிகிறதா என்பதை எந்த வரைபடமும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

பிறகு தண்ணீர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். சிதறல் போக 800 லிட்டராவது தொட்டியில் சேரும். சேமிக்கும் தொட்டி இருக்கிறதா, வடிகட்டி இருக்கிறதா, கூரை நீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். புல்தரை பரந்திருந்தால் அதற்கு வாரத்துக்கு எவ்வளவு நீர் பாய்ச்சுகிறார்கள் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். தோட்டத்துக்கு நீர் இறைக்கும் மோட்டாரும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. விற்பவர் சொல்லும் சிக்கனக் கணக்கில் அது அநேகமாக இருக்காது. எனக்கு அந்தத் தோட்டம் கிடைத்தால் புல்லைப் பிள்ளைகள் விளையாடும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். மீதியில் அந்த மண்ணுக்குப் பழகிய செடிகளும் புதர்களும் வைத்து, வேரடியில் காய்ந்த இலையைப் பரப்பி, சொட்டு நீர்க் குழாய் போடுவேன். நீங்கள் குப்பை என்று கேள்விப்பட்ட அந்த மரத்தின் இலைகளே அதற்குப் போதும். வீட்டைச் சுற்றிச் சிமென்ட் போட்டு மூடிய தோட்டத்தைக் கண்டால் மட்டும் எனக்கு மனம் வலிக்கும். அந்தத் தரை பகலெல்லாம் சூட்டை வாங்கி மாலையில் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் அனுப்பும்.

கேள்வி: அம்மா, நான் ஓய்வுபெற்றவன். பத்தாண்டுகளுக்கு முன் மிகுந்த கவனத்தோடு இன்சுலேஷன், நல்ல ஜன்னல்கள், தோட்டம் எல்லாம் வைத்து வீடு கட்டினோம். மகளோடு போய் இருக்க வேண்டியிருப்பதால் விற்கிறோம். ‘சுவருக்குள் இருப்பதை எவன் பார்ப்பான்? சமையலறையையும் டைல்ஸையும் மாற்றுங்கள்’ என்கிறார் தரகர். எங்கள் உழைப்புக்கு மதிப்பே இல்லையா?

பதில்: ஐயா, நிச்சயம் இருக்கிறது. வாங்குபவர் கண்ணுக்கு அதைக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். டைல்ஸ் மாற்றும் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். புதிதாக வருபவர்கள் தங்கள் விருப்பத்துக்கு அதை எப்படியும் மாற்றுவார்கள்.

ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். முதல் பக்கத்தில் மாத வாரியாக யூனிட் கணக்கு, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு. அடுத்து, கட்டும்போது எடுத்த புகைப்படங்கள்: சுவரில் இன்சுலேஷன் வைத்தபோது, கூரைக்குப் போட்டபோது, ஜன்னல் பொருத்தியபோது. பொருள்களின் ரசீது, தடிமன், உத்தரவாத அட்டைகள். ஏசி, ஹீட் பம்ப் (வெளிக் காற்றின் வெப்பத்தை எடுத்து அறைக்கோ நீருக்கோ கொடுக்கும் கருவி), சோலார் ஆகியவற்றைப் பராமரித்த தேதிகள். குழாய்களும் ஒயர்களும் எங்கே ஓடுகின்றன என்ற வரைபடம். கடைசியில் தோட்டத்தின் வரைபடம்: எந்த மரம், எந்த ஆண்டு நட்டது, எப்போது பூக்கும், எதற்கு எவ்வளவு தண்ணீர். இந்தக் கடைசிப் பக்கத்தை உங்கள் துணைவியாரோடு உட்கார்ந்து எழுதுங்கள். வாங்க வருபவர்கள் வீட்டின் மேல் நம்பிக்கை கொள்வது அநேகமாக அந்தப் பக்கத்தில்தான் நடக்கும்.

ஒரு வெப்பமானியை வீட்டுக்கு வெளியே நிழலிலும், இன்னொன்றை மேல்தள அறையிலும் மாட்டுங்கள். வருபவர்கள் தாங்களே இரண்டையும் பார்த்து ஒப்பிடட்டும். மற்றவர்கள் இதமான நேரத்தில் வீட்டைக் காட்டினால், நீங்கள் துணிந்து மிகக் கடினமான நேரத்தில் வரச் சொல்லுங்கள்; ஏசியையோ ஹீட்டரையோ நிறுத்தியே வையுங்கள்.

விளம்பரத்தில் ‘நவீன’, ‘சொகுசு’, ‘கனவு இல்லம்’ போன்ற சொற்களை விட்டுவிடுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘நாங்கள் குடியிருக்கக் கட்டிய வீடு. கூரையிலும் சுவரிலும் இன்சுலேஷன் உண்டு. கட்டும்போது எடுத்த படங்களைக் காட்டுகிறோம். வெளி நிழலோடு இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள். மூன்று ஆண்டு மின் ரசீதுகள் பார்வைக்கு. மேற்கே நிழல் மரங்கள், பின்னால் காய்கறிப் பாத்தி, மழைநீர்த் தொட்டி. முதியவர்களுக்குக் கீழ்த்தளத்தில் படுக்கையறை. வீட்டை எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாம்.’

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் வீட்டுக்கு எரிசக்திச் சான்றிதழ் வேண்டும் என்ற சட்டம் 2002இல் வந்தது. விளம்பரத்திலேயே அந்த மதிப்பீட்டைக் குறிப்பிட வேண்டும் என்று 2010இல் சேர்த்தார்கள். உங்கள் ஊரில் அப்படிச் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தகுதியுள்ள ஒருவரிடம் மதிப்பீட்டு அறிக்கை வாங்கிக் கோப்பில் வையுங்கள். குறைகளையும் எழுதுங்கள்: எந்த ஜன்னலில் ரப்பர் பட்டை தேய்ந்திருக்கிறது, எந்த மழைக்கு எங்கே தண்ணீர் தேங்கும் என்று. குறையை நீங்களே சொல்லிவிட்டால் நீங்கள் சொல்லும் நிறைகளையும் நம்புவார்கள்.

கேள்வி: வீடு முழுக்க ‘ஸ்மார்ட்’ கருவிகள் இருக்கின்றன. அவை மின்சாரத்தைச் சேமிக்குமா?

பதில்: சில சேமிக்கும்: ஆள் இல்லாதபோது ஏசியையோ ஹீட்டரையோ நிறுத்துபவை. மற்றவை வசதிக்கானவை. எப்போதும் விழித்திருக்கும் கருவிகள் எல்லாம் சேர்ந்து 10 வாட் இழுத்தாலும் ஆண்டுக்கு 87 யூனிட்டுக்கு மேல் ஆகும். வாங்கும் நாளில் எல்லாக் கணக்குகளையும் பழைய உரிமையாளரின் பெயரிலிருந்து நீக்கி, கடவுச்சொற்களை உங்கள் கையால் மாற்றுங்கள். கேமராவும் கதவுப் பூட்டும் இருந்தால் இதில் தாமதமே கூடாது.

கேள்வி: நாங்கள் மூன்று பேர். இரண்டு வீடுகள் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று நான்கு படுக்கையறையோடு பெரியது, மதிப்பீட்டில் மிக உயர்ந்த தரம். மற்றது சிறியது, தரம் ஒரு படி குறைவு, தோட்டம் பெரிது. எதை எடுப்பது?

பதில்: மதிப்பீடுகள் பெரும்பாலும் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு என்றுதான் கணக்கிடுகின்றன. நீங்கள் கட்டணம் கட்டப்போவது மொத்த வீட்டுக்கு. சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 50 யூனிட் வாங்கும் 240 சதுர மீட்டர் வீடு 12,000 யூனிட் எடுக்கும். சதுர மீட்டருக்கு 70 யூனிட் வாங்கும் 120 சதுர மீட்டர் வீடு 8,400 யூனிட்தான் எடுக்கும். தரச்சான்றில் பின்தங்கிய வீடு செலவில் முந்துகிறது. கூடுதல் அறைகளைக் கட்டுவதற்கு ஆன சிமென்ட், இரும்பு, செங்கல் ஆகியவற்றின் எரிசக்தி இதில் சேரவில்லை.

சிறிய வீட்டின் தரத்தைப் பின்னர் உயர்த்தவும் முடியும். கூரைக்கு இன்சுலேஷன் போடுவது பெரும்பாலும் முதல் வேலை, செலவுக்கு ஏற்ற பலனும் அதில்தான் அதிகம். அடுத்து வெந்நீர்: 100 லிட்டர் நீரை 30 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 3.5 யூனிட் வேண்டும். சாதாரண ஹீட்டர் அத்தனையையும் மின்சாரமாக எடுக்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் தரும் ஹீட் பம்ப் ஒன்றே கால் யூனிட்டுக்குள் முடித்துவிடும். ஜன்னல்களை மூன்றாவதாகப் பார்த்துக்கொள்ளலாம்.

விருந்தினர் அடிக்கடி வந்து தங்குவார்கள், பெற்றோர் பின்னர் உங்களோடு வந்து இருப்பார்கள் என்றால் கணக்கு மாறும். அப்போது ஓர் அறை கூடுதலாக இருப்பதில் தவறில்லை. அப்படி இல்லையென்றால் சிறிய வீட்டையும் பெரிய தோட்டத்தையும் எடுங்கள். விலை பேசுவதற்கு முன் கூரையின் மேல் ஏறிப் பார்க்க அனுமதி கேளுங்கள். என்னென்ன மாற்ற வேண்டும் என்று எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஒப்பந்தக்காரர்களிடம் விலைப்புள்ளி வாங்கி, அந்தத் தாளோடு விற்பவரிடம் போய் உட்காருங்கள்.